பெயருக்கு நேரே ஒரு வரி

எங்கள் பாசனச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இந்த முறை முன்னாள் பொறுப்பாளர்கள், இந்நாள் பொறுப்பாளர்கள் எல்லோரையும் மேடையேற்றிச் சிறப்பிப்பது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். கூடவே ஒரு மலரும் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னார்கள். மலர் என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஊரில் பாடம் எடுக்கிற ஒருத்தி இருந்துவிட்டால் வாழ்த்துமடல், கல்யாணப் பத்திரிகை, முதலாண்டு நினைவஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அவள் தலையில்தான் வந்து விழும். "டீச்சர் எழுதிருவா" என்று தலைவர் முடித்துவிட்டார். இரண்டு நாள் கழித்துச் செயலாளர் அண்ணன் ஒரு முழுநீளத் தாளைக் கொண்டுவந்து தந்தார். ஆரம்ப நாளிலிருந்து இன்றுவரை யார் யார் தலைவர், செயலாளர், பொருளாளர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று மூன்று பத்தியாக எழுதி, கீழே சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் வேறு குத்தியிருந்தார்.

பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. பழைய தீர்மானப் புத்தகங்களை வைத்துச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சங்கடம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சங்கம் என்றால் என் மனதில் வரும் முகங்கள் சில உண்டு. அவற்றில் பாதி முகம் அந்தத் தாளில் இல்லை. தாளில் இருக்கும் பெயர்களில் சிலரைச் சங்க வேலை என்று நான் வரப்பில் பார்த்ததே கிடையாது.

இதற்குக் காரணம் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எங்கள் பக்கம் தலைவர் பதவி என்பது பெரும்பாலும் வீடு பார்த்துக் கொடுப்பது. வயல் நிறைய உள்ள வீடு, அல்லது கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் "உட்காருங்க" என்று சொல்லும் அளவுக்குப் பேர் உள்ள வீடு. வேலை செய்கிறவர் செயலாளர். பணத்துக்குக் காவல் பொருளாளர். இந்த மூன்றுக்கும் வெளியே, தண்ணீரோடு நடக்கிற ஆட்கள் சிலர். அவர்களுக்குப் பதவி கிடையாது. அதனால் பட்டியலும் கிடையாது.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காக இந்தச் சங்கம் எதற்கு என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் என்றாலே முக்கடல், விவேகானந்தர் பாறை, சூரிய உதயம் என்று நினைப்பவர்கள் அதிகம். அதற்குப் பின்னால் கோதையாறு பாசனத் திட்டம் என்று பெரிய வலை ஒன்று விரிந்து கிடக்கிறது. பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது, திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில். பெருஞ்சாணி அணை 1953இல் வந்தது. பிறகு சிற்றாறு அணைகள் இரண்டு. இவற்றிலிருந்து கிளம்பும் கால்வாய்கள் மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை கிளை கிளையாகப் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களுக்குள் இறங்குகின்றன. வழக்கமாக ஜூன் 1ஆம் தேதி அணை திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் மூடுவார்கள். அந்த ஒன்பது மாதத்துக்குள் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், எடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்கள் பட்டணங்கால் என்ற கால்வாயின் கடைவரம்பில் (தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம்), கருங்கலுக்கும் புதுக்கடைக்கும் இடைப்பட்ட மேடுபள்ளத்தில் இருக்கின்றன. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல், ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. காமராஜர் ஆட்சிக் காலத்தில் திட்டமிட்டு 1966இல் முடித்த வேலை. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் செல்பி எடுத்துவிட்டு, அன்னாசிப்பழம் தின்றுவிட்டு வருகிறார்கள். எங்களுக்கு அந்தத் தொட்டிக்குள் ஓடுவது சோறு. எங்கள் சங்கம் பிறந்ததும் அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான்.

ஏன் சங்கம் என்றால், கடைவரம்பு என்பதால். தலைமடையில் இருக்கிறவனுக்குச் சங்கம் வேண்டாம். கால்வாயில் தண்ணீர் விட்டாலே அவன் வயலுக்கு வந்துவிடும். வழியில் ஒருவர் மணல்மூட்டை போட்டு மறிப்பார். இன்னொருவர் இரவில் குழாய் போட்டு வாழைக்கு உறிஞ்சுவார். கரையில் ஒரு உடைப்பு, மதகில் ஒரு துருப்பிடித்த பலகை, பாலத்தடியில் ஊரார் கொட்டின குப்பை. எல்லாம் தாண்டி எங்களிடம் வரும்போது தண்ணீர் கணுக்காலுக்குக் கூட வராது. சில வருடம் வரவே வராது. ஆகவே மே மாதம் கால்வாய் நெடுக நடந்து எங்கே உடைந்திருக்கிறது, எங்கே மண் தூர்ந்திருக்கிறது என்று எழுதி, பொதுப்பணித் துறைக்கு மனுக் கொடுக்க வேண்டும் (2021க்குப் பிறகு நீர்வளத் துறை என்று தனியாகப் பிரிந்துவிட்டது, மனுவில் துறையின் பெயரை மாற்றிக்கொண்டோம், மற்றபடி வாசகம் அதேதான்). மாதா மாதம் நாகர்கோவிலில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று பேச வேண்டும். ஜூன் மாதம் இரவில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேல்பக்கம் போய் மதகுகளைப் பார்த்து வர வேண்டும். இதற்குப் பேர் எங்கள் ஊரில் "கால் பார்க்கப் போறது". அங்கே சண்டை வரும். சண்டை போட்டுவிட்டு, மறுநாள் அதே ஆளுடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் போக வேண்டும்.

2000ஆம் ஆண்டில் பாசன மேலாண்மைக்கென்று அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று அமைத்துத் தேர்தலும் வைத்தது. அது வேறு, எங்கள் சங்கம் வேறு. எங்களுடையது சில ஊர்க்காரர்கள் தாங்களாகச் சேர்ந்து, சந்தா போட்டு, பதிவு செய்து வைத்திருப்பது. இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது, படி கிடையாது. பஸ் காசு கூடப் பாதி நேரம் சொந்தக் காசு.

இப்போது சிறப்பிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்குத் தலைவர்களை மறக்கிற வழக்கம் கிடையாது. பேச்சிப்பாறை அணையைக் கட்டின பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயிகள் அங்கே போய் மாலை போட்டு வருகிறார்கள். மாவட்டமே ஒரு சங்கத்தின் விளைச்சல்தான் என்றும் சொல்லலாம். 1945 கடைசியில் நாகர்கோவிலில் கூடிய சில பேர் ஆரம்பித்த அமைப்பு, பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. பள்ளியாடியில் பிறந்த வக்கீல் நேசமணியும், பி.எஸ். மணி, தாணுலிங்க நாடார், குஞ்சன் நாடார் போன்றவர்களும், தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று அதை நடத்தினார்கள். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் எங்கள் பக்கத்துப் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் உண்டாயிற்று. நேசமணிக்கு நாகர்கோவிலில் சிலை உண்டு, மணிமண்டபம் உண்டு, மார்த்தாண்டத்தில் அவர் பேரில் கல்லூரி உண்டு. ஒவ்வொரு நவம்பர் 1ஆம் தேதியும் எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையில் நின்று மாலை போடுகிறார்கள்.

நல்லதுதான். அவர் அதற்குத் தகுதியானவர், யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஊர் ஊராகக் கூட்டம் போட நாற்காலி சுமந்தவன், நோட்டீஸ் ஒட்டினவன், தலைமறைவாக இருந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் கதையெல்லாம் வீட்டுத் திண்ணைகளில் மட்டுமே இருந்தது. எங்கள் தாத்தா தலைமுறையோடு அதுவும் போய்விட்டது. எல்லைப் போராட்டத்தில் பங்கெடுத்தவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. அதை வாங்குவதற்குக் காகிதம் வேண்டும். ஜெயிலுக்குப் போனவனிடம் காகிதம் இருக்கும். சோறு கொண்டுபோனவளிடம் என்ன காகிதம் இருக்கும்?

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் ஓலைக்கட்டுகள் கிடந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைத் தேடி எடுத்தார். நிலம் விற்றது, வரி கட்டினது, கடன், அடிமை விற்பனை என்று அன்றாட விவகாரம் எல்லாம் அந்த ஓலைகளில் கிடக்கிறது. இல்லையென்றால் பன்னிரண்டு பிடாகைக்காரர்களும் (பிடாகை என்றால் சில ஊர்கள் சேர்ந்த பிரிவு) கூடிப் பேசின காலத்தைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்? ஓலையை எழுதினவர்கள் வரலாறு எழுதுகிறோம் என்று நினைத்து எழுதவில்லை, கணக்குக்காக எழுதினார்கள்.

இதை யோசித்துக்கொண்டுதான் சங்கத்தின் பழைய காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பெயரும் ஆண்டும் மட்டும் போட்ட பட்டியலை மலரில் அச்சடித்தால் அது வாக்காளர் பட்டியல் போல இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். "அரும்பணியாற்றினார்", "அயராது உழைத்தார்" என்று எழுதக்கூடாது. எந்த மதகு, எந்த மனு, எந்த வருடம். இப்படி எழுதுவது என்று தீர்மானித்த பிறகுதான் வேலை கடினமாயிற்று.

முதலில் போனது எங்கள் இரண்டாவது செயலாளரின் வீட்டுக்கு. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஊரில் எல்லோருக்கும் "சார்". இறந்து பல வருடம் ஆகிறது. மகன் வளைகுடாவில் இருக்கிறான், வீட்டில் மருமகள் மட்டும். தட்டட்டியில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கித் தந்தாள். உள்ளே அவர் எழுதின ஒவ்வொரு மனுவின் கார்பன் நகலும், அதற்கு வந்த பதிலும், குண்டூசி குத்தி, தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. கிளைக் கால்வாயின் ஒரு வளைவில் சிமெண்ட் பூசச் சொல்லி அவர் எழுதியிருக்கிறார். பதில் இல்லை. நினைவூட்டல் எழுதியிருக்கிறார். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." மறுபடி நினைவூட்டல். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும்." அடுத்த வருடம் மறுபடி. அதிகாரிகள் மாறுகிறார்கள், ஆட்சி மாறுகிறது, அவருடைய கையெழுத்து மட்டும் மாறவில்லை. ஒரு மனுவில் கூடக் கோபமான வார்த்தை கிடையாது. "ஐயா அவர்கள் தயவுகூர்ந்து" என்று தொடங்கி, அளவு, சர்வே எண், எத்தனை ஏக்கர் காய்கிறது என்று முடிகிறது. கடைசியில் அந்த வளைவுக்குச் சிமெண்ட் பூசினார்கள். அப்போது அவர் செயலாளராக இல்லை. திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மருமகளிடம் கேட்டேன், இந்தப் பெட்டியை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தாய் என்று. "மாமா தொடப்பிடாதுன்னு சொன்னாவ. அவ்வளவுதான் டீச்சர்" என்றாள்.

பொருளாளர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவரைக் கஞ்சன் என்று ஊரே சொல்லும். கால்வாய் வெட்டும் நாளில் வேலைக்கு வந்தவர்களுக்குச் சாயாவும் வடையும் வாங்கினால் வடைக்குக் கணக்குக் கேட்பார். அவருடைய பேரேட்டில் "சாயா 32, வடை 29" என்று எழுதி, பக்கத்தில் "மூவர் வடை வேண்டாம் என்றனர்" என்று குறித்திருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ சங்கம், மன்றம், கிளப் எல்லாம் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் பணத்தகராறில் இரண்டாக உடைந்து, பிறகு இல்லாமலேயே போனதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கத்தில் சண்டை இல்லாத வருடம் கிடையாது, பணத்தைப் பற்றின சண்டை மட்டும் வந்ததில்லை. அந்த வடைக்கணக்கைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மலரில் அவருக்கு நேரே அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் படமாகவே போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். குடும்பத்தார் சம்மதித்துவிட்டார்கள். பேரன்தான் ரொம்பச் சந்தோஷப்பட்டான்.

அப்புறம் பட்டியலில் இல்லாதவர்கள்.

ஒருவர் உண்டு. எங்கள் கிளைக் கால்வாயில் எந்த மதகின் எந்தப் பலகை எத்தனை விரல் தூக்கினால் எத்தனை நேரத்தில் கீழ் ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) தண்ணீர் எட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நான் அவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவேன், உறவு ஒன்றும் இல்லை. கூலிக்கு வயல் வேலை செய்தவர். ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30ஆம் தேதி, ரப்பரும் தென்னையும் தேக்கும் குறுக்கும் மறுக்குமாக விழுந்து கால்வாய் எங்கேயிருக்கிறது என்றே தெரியவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லை என்று கடற்கரை ஊர்களிலிருந்து அழுகுரல். அந்த நேரத்தில் கால்வாயை யார் நினைப்பார்கள்? அவர் நினைத்தார். மேலேயிருந்து வெள்ளம் வருகிறது, விழுந்த மரத்தில் மோதினால் கரை உடைந்து கும்பப்பூப் பயிர் மொத்தமும் போகும் என்று, நான்கைந்து பையன்களைக் கூட்டிக்கொண்டு வாளும் கோடரியுமாக இறங்கிவிட்டார். எங்கள் பகுதியில் கரை தாங்கியது. 2021 நவம்பர் பெருமழையில் மாவட்டத்தில் பல இடங்களில் கால்வாய்கள் உடைந்தன. அந்த முறை எங்களுக்கும் ஓர் உடைப்பு. அப்போது அவருக்கு இறங்க உடம்பில்லை. கரையில் குடையைப் பிடித்து நின்றுகொண்டு மணல்மூட்டையை எங்கே போட வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

இவர் ஏன் பட்டியலில் இல்லை? செயலாளர் அண்ணனிடம் கேட்டேன். அவர் சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். உறுப்பினர் ஆவதற்கு ஆயக்கட்டில், அதாவது கால்வாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், சொந்தப் பெயரில் நிலம் இருக்க வேண்டும். பாட்டாவுக்குச் செண்டு நிலம் கிடையாது. ஆகவே அவர் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாதவர் பொறுப்பாளர் ஆக முடியாது. பொறுப்பாளர் இல்லாதவருக்குப் பொன்னாடை கிடையாது. எல்லாம் விதிப்படி சரியாகத்தான் இருக்கிறது.

அதே விதியைத் திருப்பிப் பார்த்தால் பெண்களும் அங்கேதான் நிற்கிறார்கள். நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். சந்தா பிரிக்க வீடு வீடாக ஏறி இறங்கியது யார் என்று பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆண்கள் போனால் "நாளைக்கு வா" என்று சொல்லிவிடுவார்கள். பொருளாளரின் மனைவி போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் பணம் வராமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். கால்வாய் வெட்டும் நாளில் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்து வாளியில் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான். இப்போது நூறு நாள் வேலைத் திட்டத்தில் கால்வாய் தூர்வாரும்போது கரையில் நிற்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். சங்கக் கூட்டத்துக்கு வருகிற பெண்கள் என்றால் நானும், நிலம் தன் பேரில் மாறின இரண்டு விதவைகளும். நான் கூட உறுப்பினர் இல்லை, மலர் எழுதுகிறவள்.

இதைக் கமிட்டியில் சொன்னபோது பெரிய எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. "அவங்களையும் ஒரு ஓரமா சேத்துப் போடுங்க டீச்சர்" என்றார்கள். ஓரமாக என்றால் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பில், மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் நடுவில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பெயரும் ஒரே பட்டியலில், வேலை தொடங்கின ஆண்டு வரிசையில், பதவி இருந்தால் பதவியோடு, இல்லாவிட்டால் வெறும் பெயரோடு, நேரே ஒரு வரி. அரை மணி நேரம் பேச்சு. முன்னாள் தலைவர் ஒருவரின் மகன் மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "அப்போ எங்கப்பாவுக்கு நேரே என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய அப்பா நீண்ட காலம் தலைவர், கால்வாய்க் கரையில் கால் வைத்தது ஒன்றிரண்டு தடவைதான் இருக்கும். ஆனால் சாருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்திருந்தது. ஒரு கோடையில் பொறியாளர் எங்கள் ஆட்களைப் பார்க்க மறுத்திருக்கிறார். இவர் காரை எடுத்துக்கொண்டு நேரே போய், வராந்தாவில் மத்தியானம் வரை உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சார் அதைத் தேதியோடு குறித்து வைத்திருந்தார். அந்த வரியை எழுதுகிறேன் என்றேன். மகனுக்கே அந்தக் கதை தெரியாது.

பெரிய வீட்டுக்காரர் என்பதற்காக அவர் பெயரைச் சுருக்குவதும் அநியாயம்தான். பேர் உள்ள ஒருவர் தன் பேரைப் பொது வேலைக்குக் கடன் கொடுப்பதும் வேலைதான். கோயில் கமிட்டி, ஆலயக் கமிட்டி, சமுதாயச் சங்கம் என்று ஆளுக்கொரு பக்கம் நிற்கிற எங்கள் ஊர்களில், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்வது இந்தத் தண்ணீர்ச் சங்கத்தில் மட்டும்தான். அதற்கு ஆரம்பத்தில் எல்லாப் பக்கமும் மதிக்கிற ஒரு மனிதர் நாற்காலியில் வேண்டியிருந்தது.

இனி இந்நாள் பொறுப்பாளர்கள். இதுதான் எனக்கு மிகவும் சிரமமான பகுதி. இறந்தவர்களைப் புகழ்வது எளிது, பதிலுக்கு அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். பதவியில் இருக்கிறவரைப் புகழ்ந்தால் சோப்புப் போடுகிறாள் என்பார்கள்.

எங்கள் செயலாளர் அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து அவருடைய நிம்மதியைக் கெடுத்துவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு "தண்ணி வரல்ல" என்று ஒரு செய்தி. அதன் கீழ் பத்துப் பேர் "இங்கயும்". துபாயில் இருந்து ஒருவன் "சங்கம் என்ன செய்கிறது?" என்று கேட்கிறான், அவன் வயலில் வாழையும் இல்லை நெல்லும் இல்லை, புல் முளைத்துக் கிடக்கிறது. அண்ணன் எல்லாவற்றுக்கும் "பாக்குறேன்" என்று மட்டும் பதில் போடுவார். பிறகு பழைய டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக் கிளம்புவார். இதுபோக 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, பொறுப்பாளர் பட்டியலைப் படிவத்தில் நிரப்பி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தவறினால் அபராதம், சில வருடம் தவறினால் சங்கம் காகிதத்தில் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் அப்படிச் செத்த சங்கங்கள் நிறைய. பொதுக்குழுவில் எல்லோரும் கை தட்டுகிற வேலை எதுவோ அதற்கு ஆள் கிடைக்கும். இந்தப் படிவத்துக்குக் கிடைக்காது.

அவரிடம் மலருக்காக நாலு வார்த்தை கேட்டேன். "எனக்கு எதுக்கு மக்ளே பொன்னாட? வீட்டுல அலமாரியில ஏற்கனவே ஒரு அடுக்கு கெடக்கு, ஒண்ணையும் உடுக்கவும் முடியாது, போர்த்தவும் முடியாது. ஃபைலத் தூக்கதுக்கு ஒரு ஆளு பாத்துத் தா" என்றார். நான் அதை அப்படியே மலரில் போடலாமா என்று கேட்டேன். போடு என்றார். அப்புறம் யோசித்து, "பொன்னாடைன்னு எழுதாத, போத்துனவங்க சங்கடப்படுவாவ" என்றார்.

சிறப்பிப்பு விழாவில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது என்பதும் எனக்கு இந்த வேலையில்தான் புரிந்தது. ஒருவருக்கு மேடையில் மாலை போட்டு, "இவர் இல்லாவிட்டால் சங்கம் இல்லை" என்று மைக்கில் முழங்கிவிட்டால், அவர் எப்படி அடுத்த மாதம் ராஜினாமா கொடுப்பார்? எங்கள் பக்கத்தில் பல செயலாளர்கள் இப்படித்தான் சாகும்வரை செயலாளர்களாக இருந்திருக்கிறார்கள். மரியாதை என்ற பெயரில் வேலையை மறுபடி அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். அதனால் இந்நாள் பொறுப்பாளர்களின் வரிகளில் நான் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அவர்கள் செய்து முடித்ததற்குப் பக்கத்தில், அவர்கள் கையில் இப்போது இருக்கிற, வேறு ஒருவர் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு வேலையையும் எழுதினேன். செயலாளருக்கு நேரே: பதிவாளர் அலுவலகப் படிவம். பொருளாளருக்கு நேரே: கீழ்க்கரைச் சந்தா. தலைவருக்கு நேரே: மாதக் குறைதீர்க் கூட்டத்துக்குப் போவது. கமிட்டியில் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு இளைஞன், ஐடிஐ முடித்துவிட்டுக் கேபிள் வேலை செய்கிறவன், சந்தா வேலையைத் தான் எடுத்துக்கொள்கிறேன் என்றான். ஜிபேயில் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். பொருளாளர் ரசீது எழுதாமல் ஒரு பைசா வாங்கக்கூடாது என்றார். இருவருக்கும் அங்கேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. எனக்கு அந்த வடைக்கணக்குப் பொருளாளர் ஞாபகம் வந்தது.

படிவத்துக்கு இதுவரை ஆள் வரவில்லை.

பாட்டாவிடமும் போய் அவருக்கு நேரே எழுதின வரியைப் படித்துக் காட்டினேன். ஒக்கி, கால்வாய், மரம் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கூட வந்த பையன்கள் பெயர் எங்கே என்றார். ஒவ்வொருவராகச் சொன்னார். ஒருவன் இப்போது சவூதியில், ஒருவன் கொத்தனார் வேலையில், ஒருவன் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, "அந்த வெளுத்த பய, பாலத்துக்கு அந்தாண்ட வீடு" என்றார். பாலத்துக்கு அப்பால் விசாரித்ததில் இரண்டு வெளுத்த பையன்கள் அகப்பட்டார்கள். இருவருமே நான்தான் என்கிறார்கள்.

சாரின் பெட்டியை என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. இரண்டு மழை ஒழுகினால் கார்பன் நகல் மை எல்லாம் போய்விடும். ஒரு பையன் அத்தனையையும் போனில் படம் பிடித்து வைத்துவிட்டான். மூலத்தைக் கொண்டுபோக மருமகள் விடவில்லை. அவள் வீட்டில் இருப்பதுதான் இப்போதைக்குப் பத்திரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

துணைவிதி விஷயம் மட்டும் மலரோடு முடியாது. நிலம் இல்லாதவர்களும் உறுப்பினர் ஆகலாம் என்று மாற்றுவதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதைப் பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். கமிட்டியில் பாதிப் பேருக்கு இது பிடித்திருக்கிறது. மீதிப் பேருக்கு, நிலம் இல்லாதவன் ஓட்டுப் போட ஆரம்பித்தால் நாளைக்குச் சங்கம் யார் கையில் போகும் என்ற பயம். பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல், "சட்டச் சிக்கல் வரும்" என்கிறார்கள். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் மே மாதக் கடைசி ஞாயிறு, அணை திறப்பதற்கு முன்னால். நிகழ்ச்சி நிரலில் சிறப்புத் தீர்மானத்தை முதலில் வைக்கச் சொல்லிச் செயலாளர் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். பொன்னாடை அதற்கு அப்புறம். அதை முதலில் போட்டுவிட்டால், போட்டோ எடுத்த கையோடு பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள்.